நடு வரி

நூற்று நாற்பத்தொரு மரங்கள்.
எனக்குத் தந்தது பெயர்ப்பலகைகளின் நடு வரி மட்டும்.
மேலே சிங்களம், கீழே ஆங்கிலம்,
இடையில் என் நான்கு அங்குலம்.

கிருலப்பனைக் கால்வாயோரம்
கோப்பிக் காசில் எழுந்த மாளிகை.
கொழும்பு அப்போது தூரத்து ஊர்:
குதிரைவண்டியில் ஒன்றரை மணித்தியாலம்
என்று எழுதிவைத்திருக்கிறான் மோர்லண்ட் துரை.
இப்போது நூற்று முப்பத்தெட்டாம் இலக்க பஸ்
மதிலை உரசிக்கொண்டு போகிறது.

மதில் என்றா சொன்னேன்? முழங்கால் உயரம்.
மாநகர சபை பொறுப்பெடுத்த வருடம்
மேற்பாதியை இடித்து நடைபாதைக்குக் கொட்டினார்கள்.
உச்சியில் பதித்திருந்த போத்தல் துண்டுகள்
மழைக்குப் பிறகு
பச்சையாய், கபிலமாய்
காலடியில் மினுங்கும்.

முதல் நாளே சண்டை.
முன்பு எழுதிப்போனவர்
எல்லாப் பலகையிலும் 'மரம்' என்பதை
'மறம்' என்று விட்டிருந்தார்.
நூற்று நாற்பத்தொரு வீரங்கள்
நிழல் தந்துகொண்டு நின்றன.
"ஒரு எழுத்துத்தானே, மிஸ்"
என்றார் அத்தியட்சகர் அபேகோன்.
நல்ல மனுஷன். தேத்தண்ணி வாங்கித் தந்தார்.
திருத்தத்துக்கு மட்டும் மூன்று மாதம்
கையெழுத்து வைக்கவில்லை.

வாசலில் நிற்பதை அவர்கள் சல் என்கிறார்கள்,
வெள்ளை உடுத்தி வந்து கும்பிடுகிறார்கள்.
நாங்கள் நாகலிங்கம் என்போம்,
பூவைப் பிரித்துப் படத்தையும் லிங்கத்தையும் காட்டுவோம்.
துரைக்கு அது பீரங்கிக்குண்டு;
அவனுக்கு வேறென்ன தோன்றும்?
மரமோ தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது.
எங்கள் மூவரையும் அதற்குத் தெரியாது.
ஒரு மத்தியானம் காயொன்றைத் தொப்பென்று போட்டது
அபேகோனின் கார்மேல்.
அந்த நாற்றத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மழைமரத்துக்கு என்ன எழுதுவது என்று
இரண்டு அகராதிகளோடு நான் குந்தியிருக்க,
கூட்டிக்கொண்டிருந்த பவுனம்மா
நிமிராமல் சொன்னாள்:
"தூங்குமூஞ்சி."
நாலரைக்கு இலை மூடும், அவளுக்கு வேலை முடியும்.
இருபத்தாறு வருடமாய் மணிக்கூடு அதுதான்.
மழைக்கோலம் என்றால் மூன்று மணிக்கே மூடிவிடும்;
அன்றைக்கு மட்டும்
மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

பெயர்க் குழு கூடியது. ஐந்து பேர், ஒரு தட்டு பட்டிஸ்.
"கொஞ்சம் மரியாதையாக இல்லையே" என்றார்
ஓய்வுபெற்ற தாவரவியலாளர் ஒருவர்.
நான் கணக்குப் புத்தகத்தைக் கேட்டேன்.
துரையின் படுக்கையறையில்,
இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது அது.
அதே மரத்துக்கான வரி:
நாற்று இரண்டு. கப்பல் கூலி ஒரு பவுண்.
நட்டது, நான்.
தண்ணீர் ஊற்ற, ஆள் ஆறு.

ஆள் ஆறு. அவ்வளவுதான்.
கால்வாயிலிருந்து அந்த மேட்டுக்கு
வாளியோடு நடந்து பார்த்தேன் ஒருநாள்.
இருநூற்றுப் பத்து எட்டு. பாதித் தண்ணீர் சீலையில்.

இதைக் குழுவிடம் சொன்னேனா என்றால், இல்லை.
'தூங்குமூஞ்சி' என்று எழுதிய தாளை
பஞ்சிகாவத்தையில் பலகை தீட்டும் பஸ்லியிடம்
நேரே கொண்டுபோய்க் கொடுத்தேன்.
அவன் வாசித்துச் சிரித்தான்,
பிறகு 'ஞ்'சன்னாவை மிக அழகாகப் போட்டான்.

கடைசி மரம் மிச்சம்.
இலக்கம் நூற்று நாற்பத்தொன்று.
தாவரவியலாளர் இலையைக் கசக்கி மோந்தார்,
பேராதனைக்கு அனுப்பினார்; பதில் இல்லை.
பவுனம்மாவிடம் கேட்டால்
"அதா? அது அந்த மரம்."
பலகை மட்டும் வந்து நின்றது,
மூன்று வரியும் வெறுமையாக.

அதன் கீழ்தான் குடைகள் அதிகம்.
வெயிலில்லை, மழையில்லை, விரித்த குடைகள்;
உள்ளே நான்கு கால்கள்.
பராமரிப்புப் பட்டியலோடு நேற்றுப் போனேன்.
யாரோ திறப்பால் கீறியிருக்கிறார்கள்,
சரியாக நடு வரியில்:
றெஜி + துஷ்யந்தி.

குனிந்து பார்த்தேன்.
எழுத்துப்பிழை இல்லை.
பட்டியலில் அந்த இலக்கத்துக்கு எதிரே
சரி போட்டுவிட்டு நடந்தேன்.